பங்கு போட்ட மாத்திரை

எனக்கு வந்த காய்ச்சல் நேரம் தவறாதது. செகண்ட் ஷிஃப்ட் பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது எனக்குக் குளிரத் தொடங்கும். பஸ் மைன்ஸ் கேட்டை அடையும் நேரத்தில் பல் கிட்டிக்கும். அந்த ஷிஃப்ட்டுக்குத்தான் என் தங்கை வீட்டுக்காரர் எனக்கு ஒரு கான்ட்ராக்ட் வேலை பேசி வைத்திருந்தார். ஆகவே அந்த வீட்டில் என் காய்ச்சலை முதலில் என் தங்கையைத் தவிர யாரும் நம்பவில்லை.

இப்போது மாத்திரைகள் எல்லாம் முடிந்துவிட்டன. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். ஆனால் நெய்வேலியில் எங்கள் தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். மலேரியா என்றால் எப்படி இருக்கும், கொசு கடித்தபோதே தெரிந்ததா, ஆஸ்பத்திரியில் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டால் வேண்டியவர்கள் படித்துக்கொள்வார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு ஒரே ஊரில் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. ஓட்டலில் மாவு பிசைந்தேன், கேரளாவில் ரப்பர் பால் வடித்தேன், கடைசியாகப் போர்வெல் வண்டியில் ஏறினேன். வடக்கே எந்தக் காட்டுக்குள் போனாலும் நம் பக்கத்துப் போர்வெல் வண்டி ஒன்று பூமியைக் குடைந்துகொண்டிருக்கும். அதன் கீழே நாலைந்து தமிழ் ஆட்கள் தார்ப்பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவனாகச் சில வருஷங்கள் கழிந்தன. மழைக்காலத்தில் வண்டிக்கு வேலை குறையும். அப்படி வேலை குறைந்த நேரத்தில்தான் நெய்வேலிக்கு வந்தேன்.

வந்ததற்குக் காரணம் என் தங்கை கலாவின் வளைகாப்பு. எங்களுக்கு அப்பாவும் அம்மாவும் இல்லை. பிறந்த வீட்டுச் சீர் என்று ஒன்று கொண்டுபோக வேண்டுமென்றால் அந்தப் பிறந்த வீடு நான்தான். எனக்கென்று வீடு இல்லாவிட்டாலும் சீர் இருந்தது. வண்டி போன ஊரிலெல்லாம் கொஞ்சம் கண்ணாடி வளையல் வாங்கி, லுங்கியில் சுற்றி, துளையில் இறக்கும் இரும்பு ராடுகளை ஏற்றிவரும் லாரியின் கருவிப் பெட்டியில் வைத்திருந்தேன். அந்தக் குலுக்கலிலும் ஒன்றுகூட உடையவில்லை.

கலாவின் மாமனார் மைன்ஸில் பர்மனென்ட். அவர் பேரில் உள்ள குவார்ட்டர்ஸில்தான் எல்லோரும் இருந்தார்கள். அவர் பாதி நேரம் ஷிஃப்டில் இருப்பார், மீதி நேரம் தூங்குவார். கலாவின் கணவர் பாலு கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. வீட்டை ஆள்கிறவர் பாலுவின் அம்மா. அவரை நானும் அத்தை என்றே கூப்பிடுவேன்.

வந்த சில நாட்களில் முதல் காய்ச்சல் வந்தது. கடைத்தெருவில் இருந்த கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். சில தடவை வந்துவிட்டுத் தானாக நின்றது. நானும் மறந்துவிட்டேன். வளைகாப்புக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அது மறுபடி வந்தது, இந்தத் தடவை ஒழுங்கு முறையோடு. ஒரு நாள் வரும், மறுநாள் வராது. வராத நாளில் நான் நல்ல மனிதன். சைக்கிளில் சுற்றுவேன், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பையன்களோடு கேரம் ஆடுவேன். வந்த நாளில் வீட்டில் உள்ள போர்வையெல்லாம் என் மேல் இருக்கும்.

"நேத்து கேரம் ஆடிகினு இருந்தான். இன்னைக்குப் போத்திகினு படுத்துகினு இருக்கான்" என்று அத்தை சமையலறையிலிருந்து சொல்வது எனக்குக் கேட்கும். "பஸ்ஸு ஹாரன் அடிச்சாத்தான் இவனுக்குக் குளுருது."

"அப்புடிச் சொல்லாதீங்க அத்த. தொட்டுப் பாருங்க, கொதிக்குது" என்பாள் கலா.

"போர்வைக்குள்ள பூந்துகினா கொதிக்காம என்னா பண்ணும்."

பாலு வேலைக்குக் கிளம்பும்போது என் கட்டிலருகே நின்று போவார். "மச்சான், நான் எட்டு வருஷமா கான்ட்ராக்ட்டுல இருக்கேன். உங்க காய்ச்ச வந்த ஒடனே பர்மனென்ட் ஆயிடுச்சி. யாரைப் புடிச்சீங்க?"

அந்தக் காய்ச்சல் மூன்று கட்டமாக வரும். முதலில் குளிர். வெளியே வெயில் காய்கிறது, எனக்குக் கட்டில் கால் தரையில் தட்டுகிற அளவுக்கு நடுக்கம். மாமனார் நைட் ஷிஃப்ட்டுக்குப் போட்டுப் போகும் ஸ்வெட்டரை அத்தைதான் கொண்டுவந்து என் மேல் போட்டார், திட்டிக்கொண்டே. அடுத்து சூடு. தலை வெடிக்கும், கண்ணைத் திறந்தால் விளக்கு குத்தும். கடைசியில் வியர்வை. பாய் நனைந்து, உடம்பு லேசாகி, பசிக்கும். பசித்த கையோடு நான் தட்டைத் தேடிப் போய் உட்காருவதுதான் அத்தைக்குச் சந்தேகத்தை வலுவாக்கியது.

மறுபடியும் கிளினிக்குக்குப் போனோம். டெங்கு பார்த்தார்கள், இல்லை. டைபாய்டு பார்த்தார்கள், இல்லை. எந்த ஊர் என்று கேட்டார்கள், நெய்வேலி என்றேன். கேட்டது அவ்வளவுதான், சொன்னதும் அவ்வளவுதான். வீட்டில் நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து பப்பாளி இலைச் சாறு வந்தது. இரண்டையும் குடித்தேன். காய்ச்சல் வராத நாளில் அவை வேலை செய்வதாகவும் வந்த நாளில் இன்னும் கொஞ்சம் குடிக்க வேண்டுமென்றும் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் குளிரோடு வாந்தியும் சேர்ந்தது. கண் மஞ்சளாக இருந்தது. கலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பாலுவிடம் சொன்னாள்: "ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர்ற காய்ச்ச சும்மா வர்ற காய்ச்ச கெடையாது. பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க." அத்தை ஃபிளாஸ்கில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். "நடிக்கிறவன் இந்த வாந்தி எடுக்க மாட்டான்" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். நான் பாலுவின் முதுகில் சாய்ந்துகொண்டு பைக்கில் போனேன்.

அரசு மருத்துவமனை அது. வரிசை நீளம். இளம் வயது டாக்டரம்மா ஒருவர் என் வயிற்றின் இடது பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: "கடைசி ஒரு வருஷத்துல எந்தெந்த ஊருக்குப் போனீங்க?"

"எல்லாத்தையும் சொல்லணுங்களா?"

"சொல்லுங்க."

நான் ஆரம்பித்தேன். ஆந்திரா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று மாவட்டம் மாவட்டமாகப் போனேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், "ஸ்டேஷன்ல மைக்குல சொல்ற மாதிரி சொல்றாம்பா. நம்ம வண்டி எப்ப வரும்?" என்றார். சத்தீஸ்கர் காடு என்றதும் டாக்டரம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். "போதும். ரத்தத்துல மலேரியா பாத்துட்டு வாங்க."

விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவுகிறார்கள். நீலச் சாயம் ஊற்றிக் கழுவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஆய்வகத்தில் இருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "உங்களுதுதான், பாக்கிறீங்களா?" என்றார். பார்த்தேன். வெளிர் வட்டங்களுக்கு நடுவே சில வட்டங்களில் நீல மோதிரம் ஒன்று இருந்தது. ஒற்றைக் கல் வைத்த மோதிரம். அழகாகத்தான் இருந்தது. இந்தச் சாமான்தான் கட்டிலை ஆட்டுகிறது என்று நம்ப முடியவில்லை.

படுக்கையில் சேர்த்தார்கள். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். மலேரியா கொசுவிலேயே பிறப்பதில்லை. அது ஒரே ஒரு செல்லால் ஆன ஒட்டுண்ணி. கொசு அதற்கு ஒரு பஸ் மாதிரி. நோயுள்ளவன் ரத்தத்தைக் குடிக்கும்போது ஒட்டுண்ணி ஏறிக்கொள்கிறது. ஏறியவுடன் இறங்க முடியாது, கொசுவின் வயிற்றில் பத்துப் பதினைந்து நாள் இருந்து வளர வேண்டும். அதன் பிறகு அந்தக் கொசு கடிக்கிற ஆளின் உடம்பில் இறங்கி, நேராக ஈரலுக்குப் போய், அங்கிருந்து ரத்தத்துக்கு வருகிறது. எனக்கு வந்த வகை இன்னொரு காரியமும் செய்யும். கொஞ்சம் ஒட்டுண்ணிகளை ஈரலிலேயே தூங்க விட்டுவிடும். மாதக்கணக்கில் தூங்கிவிட்டு எழுந்து வரும்.

மறுநாள் டாக்டரம்மா வந்து கட்டிலருகே நின்றார். "குமரவேல், உங்களுக்கு இது புதுசா வந்த மாதிரி தெரியல. அங்க இருக்கும்போது காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துதுங்க. அந்த ஊரு நர்சம்மா வெரல்ல குத்திப் பாத்துட்டு மாத்திர குடுத்தாங்க. பெரிய மாத்திர மூணு நாளைக்கு, சின்ன மாத்திர ரெண்டு வாரத்துக்கு."

"சின்ன மாத்திரைய முழுசா சாப்ட்டீங்களா?"

"என் பங்க சாப்ட்டேங்க."

"பங்கா?"

போர்வெல் வண்டியின் வழக்கத்தை அவருக்கு விளக்க வேண்டியதாயிற்று. வண்டியில் எதுவும் ஒருவனுக்கு மட்டும் என்று கிடையாது. ஒரே குண்டானில் சோறு, ஒரே சார்ஜர், ஒரே சோப்பு. ஒருவன் வீட்டிலிருந்து முறுக்கு வந்தால் இன்ஜின் மூடியின் மேல் கொட்டி ஐந்து குவியலாகப் பிரிப்போம். எனக்கு மாத்திரை வந்த அன்று, துளை போடும் டிரில்லர் பழனி பெரிய மாத்திரையை எனக்கே விட்டுவிட்டு, சின்ன மாத்திரையை அப்படியே பிரித்தார். "இன்னைக்கு இவனுக்கு வந்தது நாளைக்கு நமக்கும் வரும். இப்பவே போட்டுக்குங்கடா" என்று சொல்லி ஆளுக்குக் கொஞ்சம் கையில் வைத்தார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எல்லோருக்கும் பட்டது. நான் மட்டும் தனியாக வைத்துச் சாப்பிட்டிருந்தால் அடுத்த வேளைச் சோற்றில் எனக்குக் கை வைக்க முகம் இருந்திருக்காது.

டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். "பெரிய மாத்திரை ரத்தத்துல இருக்கறத கொல்லும். அதான் காய்ச்சல் நின்னுடுச்சு. ஈரல்ல தூங்கறத கொல்றது அந்தச் சின்ன மாத்திரைதான். அதை அஞ்சு பேர் சாப்ட்டா யாருக்குமே பிரயோஜனம் இல்ல" என்றார். அந்த மாத்திரை சிலருடைய ரத்த அணுக்களை உடைத்துவிடுமாம். ஆகவே என் ரத்தம் தாங்குமா என்று முதலில் ஒரு சோதனை செய்துதான் கொடுப்பார்கள் என்றும் சொன்னார்.

போகும் முன் சாதாரணமாகக் கேட்டார். "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"தங்கச்சி, தங்கச்சி வூட்டுக்காரர், அவங்க அப்பா அம்மா. தங்கச்சிக்கு இது ஏழாம் மாசம்."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "எத்தன நாளா அந்த வீட்ல இருக்கீங்க?"

ஒன்றரை மாதம் இருக்கும் என்றேன். இங்கே வந்து முதல் காய்ச்சல் எப்போது என்று கேட்டார். வந்த சில நாளிலேயே என்றேன். அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. என் ஒட்டுண்ணி கொசு என்ற பஸ்ஸில் ஏறி, தங்கி, இன்னொருவர் உடம்பில் இறங்க வேண்டிய அளவுக்கு நேரம் ஆகியிருந்தது. கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் ரத்தம் குறையும், குழந்தை எடை குறைந்து பிறக்கலாம், முன்னாலேயே பிறந்துவிடலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றார். அந்தச் சின்ன மாத்திரையை வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குக் கொடுக்கவும் முடியாது. "பயப்படாதீங்க. வீட்ல எல்லாருக்கும் ரத்தம் எடுக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லாரிக்கு அடியில் தூங்கியபோது பாம்பு மேலே ஏறிப் போயிருக்கிறது. ராடு தவறி என் காலுக்கு அரைச் சாண் தள்ளி விழுந்திருக்கிறது. அப்போதெல்லாம் வராத பயம் அந்தக் கட்டிலில் வந்தது. நான் சீர் கொண்டுவந்த வீட்டுக்கு வேறு எதையாவது சேர்த்துக் கொண்டுவந்துவிட்டேனா என்பதுதான் அது.

என் கட்டிலைச் சுற்றிக் கொசுவலை கட்டினார்கள். வார்டில் மற்றவர்களை நான் கடிக்கப் போவதில்லை, ஆனால் கொசு என்னைக் கடித்துவிட்டு அவர்களிடம் போகக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பலாப்பழ வியாபாரி. சர்க்கரை நோய், காலில் புண். வாழ்நாள் முழுதும் பலாப்பழம் விற்றவர், ஒரு சுளையும் தின்னக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"தம்பி, கல்யாணப் பொண்ணு மாரி முக்காடு போட்டுகினு இருக்கிற. கொசுவுக்கு உன்னக் கண்டாதான் பயம்" என்பார்.

"உங்களக் கடிச்சா என்னா ஆவும் பெரியவரே?"

"அதுக்கு சுகரு வரும். என்னாட்டம் அதுவும் வரிசையில நிக்கட்டும்."

பில் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அரசு மருத்துவமனையில் எல்லாம் சும்மாதான். பாலு ஷிஃப்ட் முடிந்து நேராக வருவார், உடம்பெல்லாம் நிலக்கரித் தூசியோடு. இட்லியைத் திறந்து வைத்துவிட்டு, நான் தின்று முடிப்பதற்குள் நாற்காலியில் தூங்கிவிடுவார். இட்லி டப்பாவில் சட்னி ஒரு பக்கம், கறிவேப்பிலைப் பொடி ஒரு பக்கம் இருக்கும். மாத்திரை கசப்பில் எது நாக்குக்கு ஏறும் என்று தெரியாமல் அத்தை இரண்டையும் வைத்துவிடுவார்.

வளைகாப்புக்கு நான் போக முடியவில்லை. நாள் குறித்தாகிவிட்டது, மாற்றக் கூடாது என்றார்கள். பாலு தன் ஃபோனில் வீடியோ போட்டு, அதை நடுக்கூடத்தில் ஒரு சொம்பில் சாய்த்து வைத்தார். நான் கொசுவலைக்குள் உட்கார்ந்து பார்த்தேன். பெரியவரும் கட்டிலை ஒட்டி எட்டிப் பார்த்தார். கலா பச்சைப் புடவையில் மனையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம். முன்னால் ஏழு வகைச் சோறு. என் லுங்கியைப் பிரித்து வளையல்களை அத்தை தாம்பாளத்தில் கொட்டினார்.

"இது எந்த ஊரு வளையலு?" என்று ஒரு பெண் ஃபோனுக்குள் முகத்தை நீட்டிக் கேட்டாள்.

"நாக்பூருங்க."

"இந்தச் செவப்பு?"

"ராய்ப்பூரு."

"ஊர் ஊரா சுத்தறவனா இருந்தாலும் தங்கச்சிய ஞாபகம் வச்சிகினு இருக்கான் பாரு" என்று இன்னொருத்தி சொன்னாள். என் கண்ணில் காய்ச்சலால்தான் நீர் வந்தது என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. சுகாதார ஆய்வாளர் ஒருவரும் அவருடன் இரண்டு பெண் பணியாளர்களும் உள்ளே வந்தார்கள். வீட்டில் வளைகாப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அத்தை கையில் குங்குமச் சிமிழோடு குறுக்கே போய் நின்றார்.

"நல்ல காரியம் நடக்கற வூட்டுல ரத்தம் எடுக்கறதா? நாளைக்கு வாங்க."

"ஒரு சொட்டுதாம்மா. ஒரு நிமிஷம்."

"ஒரு சொட்டுன்னா அது ரத்தம் இல்லியா?"

நான் ஃபோனிலிருந்து கத்தினேன். என் குரல் சொம்புக்குள் பேசுவது மாதிரி யாருக்கும் கேட்கவில்லை. கலாதான் முடித்து வைத்தாள். வலது கையில் ஒருத்தி வளையல் ஏற்றிக்கொண்டிருந்தாள். கலா தன் இடது கையைப் பெண் பணியாளரிடம் நீட்டினாள். "அந்தக் கையில வளையல் ஏறட்டும், இந்தக் கையில குத்திக்குங்க. ரெண்டு வேலையும் ஒரே நேரத்துல முடிஞ்சிடும்" என்றாள்.

கலா கை நீட்டிய பிறகு மற்றவர்கள் எப்படி மறுப்பார்கள். அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ்களிலிருந்து வந்தவர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். வளைகாப்புக்கு வந்தவர்கள் கையில் வளையலும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு, விரலில் பஞ்சும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி, "மொய்யி எழுதறவங்க எங்கன்னு பாத்தேன், ரத்தம் எழுதிகினு இருக்காங்க" என்றாள். வீடு சிரித்தது. கடைசியாக அத்தை மட்டும் நின்றார்.

"எனக்கு எதுக்கு? ரெண்டு நாளா உடம்பு அசதி. வேல செஞ்ச அசதி."

ஆய்வாளர் திரும்பினார். "அசதியா? குளிருச்சாம்மா?"

"லேசா." அத்தை விரலை நீட்டினார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

பிறகு ஆய்வாளர் பின்பக்கம் போனார். பாலு ஃபோனை எடுத்துக்கொண்டு கூடவே ஓடினார், எனக்குக் காட்ட. பின்வாசலில் அத்தையின் சிமென்ட் தொட்டி. அந்தத் தொட்டியைப் பற்றித் தெரு முழுதும் தெரியும். வாராவாரம் தேய்த்துக் கழுவுவார், அடியில் கிடக்கும் கல் தெரியும். மருமகளுக்கு விசேஷம், ஆட்கள் வருவார்கள், தண்ணீர் குறையக் கூடாதென்று சில வாரமாகக் கழுவாமல் நிரப்பியே வைத்திருந்தார். ஆய்வாளர் ஒரு கரண்டியில் மொண்டு காட்டினார். தண்ணீரின் மேல் படுத்தாற்போல் சின்னச் சின்னக் குச்சிகள் நெளிந்தன.

"இது சாக்கடைக் கொசுக் குஞ்சா?" என்று அத்தை கேட்டார். குரலில் அவமானம்.

"இல்லம்மா. மலேரியாக் கொசு சாக்கடையில முட்டை போடாது. சுத்தமான தண்ணிதான் அதுக்கு வேணும். உக்காரும்போது பின்பக்கத்தத் தூக்கிக்கிட்டு உக்காரும், அதுதான் அடையாளம்."

அத்தை கொஞ்சம் யோசித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "பாத்துக்குங்க. எங்க வூட்டுத் தொட்டிய கொசுவே பாத்து எடுத்துகினு இருக்குது."

முடிவு மறுநாள் வந்தது. டாக்டரம்மாவே வார்டுக்கு வந்து சொன்னார். கலாவுக்கு இல்லை. பாலுவுக்கும் அவர் அப்பாவுக்கும் இல்லை. வந்திருந்த பெண்கள் யாருக்கும் இல்லை. ஒருவருக்கு இருந்தது. அத்தைக்கு.

சாயங்காலம் பாலு வந்தார். நான் கேட்கும் முன்பே சொல்லத் தொடங்கினார். "வூட்டுல ஒரே ஒரு கொசுவலை மச்சான். அம்மாளுது. நீங்க வந்த வாரத்துலயே அம்மா அத எடுத்து கலா கட்டில்ல கட்டிடிச்சி. ஹால உங்களுக்கு வுட்டுட்டு, அது பின்கதவாண்ட பாயப் போட்டுகினு படுத்துது. தொட்டிக்குப் பக்கத்துல."

பகலெல்லாம் நான் நடிக்கிறேன் என்று சொன்ன அத்தை, இருட்டியதும் தன் வலையைக் கலாவுக்குக் கொடுத்து, தன் இடத்தை எனக்குக் கொடுத்து, கொசுவுக்குத் தன்னைக் கொடுத்திருக்கிறார். அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

"அத்த இப்ப என்னா சொல்லுது?" என்று கேட்டேன்.

"நேத்து விசேஷம் முடிஞ்ச ஒடனே குளுரு வந்து ஆடிகினு இருந்துது. நான் கேட்டேன், ஏம்மா, செகண்ட் ஷிஃப்ட்டுக்கு நீயும் டிமிக்கி குடுக்கிறியான்னு. கரண்டிய எடுத்து எறிஞ்சிது."

கலாவைப் பற்றிய பயம் அதோடு தீரவில்லை. கடித்த பிறகு நோய் வெளியே தெரியப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதனால் கொஞ்ச நாள் கழித்து அவளுக்கு இன்னொரு தடவை பார்க்க வேண்டும், நடுவில் சூடு தெரிந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. என் ரத்தம் சின்ன மாத்திரையைத் தாங்கும் என்று சோதனை வந்தது. அதைத் தொடங்கி, வாந்தி நின்றதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊருக்குப் போறப்ப எங்க தோப்புப் பக்கமா வா. ஒரு முழுப் பழம் தரேன். எனக்கும் சேத்து நீ தின்னு" என்றார்.

போகும் வழியில் பழனிக்கு ஃபோன் செய்தேன். பங்கு போட்ட நாலு பேரும் போய் ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "மாத்திர சாப்ட்டமேடா" என்றார். "அதனாலதான்" என்றேன். விளக்கிச் சொன்னேன். "நாளைக்கே போறோம்" என்றார்.

வீட்டில் எல்லாம் மாறியிருந்தது. தொட்டி காலியாகிக் கவிழ்த்த மாதிரி காய்ந்து கிடந்தது. மொட்டை மாடித் தண்ணீர் டேங்குக்கு மூடி வந்திருந்தது. மூன்று புது வலைகள் கட்டியிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டதும் நானும் அத்தையும் எதிரெதிரே உட்கார்ந்து மாத்திரை போடுவோம். அவர் முதலில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். பங்கு போட்ட கதை அவருக்கும் தெரிந்துவிட்டது. என்னை அவர் நம்பத் தயாராக இல்லை.

"முழுங்கிட்டியா?"

"முழுங்கிட்டேன் அத்த."

"வாயத் தொற."

திறப்பேன். நாக்கைத் தூக்கச் சொல்லிக்கூடப் பார்ப்பார். கலா சுவரில் சாய்ந்து சிரிப்பாள். கையில் நாக்பூரும் ராய்ப்பூரும் குலுங்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலையில் கலாவுக்கு உடம்பு சுட்டது. முதலில் தொட்டுப் பார்த்தவர் அத்தை. பிறகு நான், பிறகு பாலு, பிறகு மாமனார் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து. ஒவ்வொருவர் கையும் ஒவ்வொன்று சொன்னது. பாலு அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டோவில் இரண்டு பேருக்கு மேல் ஏறிக் கலாவை நெருக்கக் கூடாது என்று என்னையும் அத்தையையும் வீட்டில் விட்டுவிட்டார்கள். செகண்ட் ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எனக்கு அன்று குளிரவில்லை, வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அத்தை அரிசி பொறுக்குவதாக முறத்தை வைத்துக்கொண்டிருந்தார். பொறுக்கிய கல்லை மறுபடி அரிசியிலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் ஒரு முறை. கொஞ்ச நேரம் கழித்து, "இல்லதானே?" என்று என்னைக் கேட்டார்.

ஃபோன் வந்தது. பாலு. "ரத்தத்துல ஒண்ணும் இல்ல மச்சான். சளி. டாக்டரம்மா கொழந்த துடிப்பையும் கேட்டாங்க. நல்லா ஓடிகினு இருக்குதாம்." பின்னால் குறித்த நாளில் எடுத்த சோதனையிலும் இதே பதில்தான் வரவிருந்தது. ஃபோனில் கேட்டதும் அத்தை முறத்தைத் தள்ளிவிட்டுத் தரையில் அப்படியே படுத்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னார்.

ஃபோனை வைக்கும் முன்பே அடுத்த அழைப்பு. பழனி. ரத்தம் பார்த்ததில் அவருக்கு மட்டும் இருந்ததாம், மாத்திரை சாப்பிடுகிறாராம், மற்றவர்களுக்கு இல்லையாம். அதைச் சொல்லிவிட்டு வந்த விஷயத்துக்கு வந்தார். "வண்டி ஒடிசாவுக்குக் கெளம்புது. நாளைக்கே வந்துடு. உனக்கு எடம் வச்சிருக்கேன்."

என் கால் அரித்தது உண்மை. ஒரே கூரையைப் பார்த்துக்கொண்டு இத்தனை நாள் நான் படுத்திருந்ததே இல்லை. "மாத்திர இன்னும் முடியலியே" என்றேன்.

"அத வண்டியில வந்து சாப்புட்டுக்கோயேன்" என்றார் பழனி.

அவர் குரல் எப்போதும் பெரியது. அத்தைக்கும் கேட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்து என் கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கினார்.

"யாரு, பழனியா? நல்லா இருக்கியாப்பா? இவன் வர மாட்டான். வண்டியில வந்து சாப்ட்டா அது அஞ்சி பங்கு ஆயிடும். உன் மாத்திரைய நீ தின்னு. இது எங்க வூட்டுது."

ஃபோனை என் மடியில் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வந்தார். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தன்னுடையதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"வாயத் தொற."